திருமண நோட்டீஸுக்கு ஆன செலவு

"பொண்ணு மாப்பிள்ளை வரலீங்களா?" என்று கேட்டார் பதிவு அலுவலகத்தில் இருந்த எழுத்தர் அம்மாள்.

"நாங்கதாங்க," என்றார் என் பக்கத்தில் நின்றவர்.

அந்த அம்மாள் எங்கள் இருவரையும் ஒருமுறை பார்த்தார். எனக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது. அவருக்கு என்னைவிட இரண்டு வயது கூட. என் தலையில் சாயம் போய் நரை தெரிந்துகொண்டிருந்தது. அவர் தலையில் சாயம் போட முடியே அதிகமில்லை. எழுத்தர் அம்மாளுக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். அதை அடக்கிக்கொண்டு, "உக்காருங்க," என்று நாற்காலியைக் காட்டினார்.

நான் தஞ்சாவூரில் ஓர் அரசு மருத்துவமனையின் ரத்த வங்கியில் ஆய்வக நுட்புநராக வேலை பார்க்கிறேன். என் மகன் ஆறாவது படிக்கும்போது அவன் அப்பா நெஞ்சுவலியில் போய்விட்டார். குத்தாலம் பக்கத்துக் கிராமத்தில் அவர் பங்குக்கு வந்த வயலைக் கொழுந்தனார் குத்தகைக்குப் பார்க்க, நான் மகனோடு தஞ்சாவூரிலேயே தங்கிவிட்டேன். மகன் படித்து முடித்துச் சிங்கப்பூரில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான்.

பக்கத்தில் நின்றவர் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு ஆசிரியர். ரத்தம் கொடுக்க ஒழுங்காக வருகிறவர். எங்கள் பிரிவில் எல்லோருக்கும் அவர் "கணக்கு சார்". பல வருஷமாக அவர் கையில் ஊசி போட்டது பெரும்பாலும் நான்தான். ஒருமுறை பரிசோதித்துப் பார்த்தால் அவருக்கே ரத்தம் குறைவாக இருந்தது.

"இன்னிக்கு எடுக்க முடியாது சார். ஒழுங்கா சாப்பிடுறீங்களா இல்லையா?"

"சமைக்கிறேங்க. ஆனா ஒரு ஆளுக்கு மட்டும் அளவா சமைக்க இன்னும் கைவரல. மிஞ்சினத மூணு வேளையும் சாப்பிட்டுக்கிட்டே இருக்கேன்."

கணக்கு ஆசிரியருக்கு அளவு தெரியவில்லையா என்று நான் சிரித்துவிட்டேன். அன்றைக்குத்தான் முதல் தடவையாக ரத்த வகையைத் தாண்டி வேறு விஷயம் பேசினோம். திருவாரூர்ப் பக்கம் வயல் வேலை செய்த குடும்பம் அவருடையது. அந்தக் குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியவர். மூன்று தங்கைகளைப் படிக்கவைத்துக் கட்டிக்கொடுத்து முடித்தபோது, அவருக்குப் பெண் பார்க்க வேண்டும் என்று நினைக்கிற பெரியவர்கள் யாரும் உயிரோடு இல்லை.

அதற்கப்புறம் ஓர் ஆண்டு கழிந்திருக்கும். ரத்தம் கொடுத்துவிட்டு, கொடுத்த பழரசத்தைக் குடித்துக்கொண்டே சொன்னார்: "ரிட்டயர் ஆனப்புறம் தினமும் யார்கிட்ட பேசறதுன்னு யோசிச்சுப் பார்த்தேங்க. உங்களத் தவிர யாரும் ஞாபகத்துக்கு வரல."

நான் பதில் சொல்லப் பல மாதங்கள் எடுத்துக்கொண்டேன். அவர் அதைப் பற்றி மறுபடி கேட்கவே இல்லை. கேட்காமல் இருந்ததுதான் எனக்குப் பிடித்தது.

எழுத்தர் அம்மாள் எங்கள் ஆதார் அட்டைகளைப் பார்த்துவிட்டு, "ரெண்டு பேரும் இந்துதானேங்க? ஏதாவது கோயில்ல தாலிய கட்டிக்கிட்டு ரசீதோட வந்துடுங்களேன். சீக்கிரம் பதிஞ்சு குடுத்துடலாம். இந்தச் சிறப்புத் திருமணச் சட்டத்துல போனீங்கன்னா நோட்டீஸ் ஒட்டணும், முப்பது நாள் காத்திருக்கணும், யாராவது ஆட்சேபணை சொன்னா விசாரணை. எதுக்குங்க இத்தனை பாடு?" என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார்.

"இருக்கட்டும்ங்க. நோட்டீஸே குடுக்கிறோம்," என்றேன்.

காரணத்தை அவரிடம் விளக்கவில்லை. என் கழுத்தில் ஒருமுறை தாலி கட்டினார்கள். நான் வேண்டாம் என்று அழ அழ, பெண்கள் சேர்ந்து உட்காரவைத்து ஒருமுறை அதைக் கழற்றினார்கள். அந்த இடத்தில் இன்னொன்றைக் கட்டிக்கொள்ள எனக்கு மனம் ஒப்பவில்லை. இன்னொரு காரணமும் இருந்தது. கோயிலில் அவசரமாகக் கட்டிக்கொண்டு வந்தால், "ரகசியமா பண்ணிக்கிட்டா" என்பார்கள். வயசு காலத்தில் ஓடிப்போனவள் என்ற பெயர் எனக்கு வேண்டாம். முப்பது நாள் அறிவிப்புப் பலகையில் தொங்கட்டும். வருகிறவர் போகிறவர் எல்லோரும் படிக்கட்டும். எங்களுக்குப் பத்திரிகை அடிக்கிற உத்தேசம் இல்லை. அரசாங்கமே ஒட்டுகிறதென்றால் அதைவிட என்ன வேண்டும்?

வாசலில் இருந்த பத்திர எழுத்தர் ஒருவர் முன்பே எங்களைப் பிடித்து, எல்லாவற்றையும் தானே முடித்துத் தருவதாகச் சொல்லி ஒரு தொகை கேட்டிருந்தார். அதில் ஒரு நல்ல பட்டுப்புடவை எடுக்கலாம். உள்ளே விசாரித்தால், நோட்டீஸுக்கு அரசாங்கம் வாங்குகிற கட்டணம் அன்று காலை நாங்கள் இருவரும் சாப்பிட்ட டிபன் செலவுகூட இல்லை. எனக்கு நம்பிக்கை வராமல் மறுபடியும் கேட்டேன்.

"அவ்வளவுதாங்க. ஆன்லைன்ல கட்டிடலாம்," என்றார் எழுத்தர் அம்மாள்.

கணக்கு சார் போனை எடுத்தார். நான் அவர் கையைத் தடுத்தேன்.

"இத நான் கட்டுறேன்."

"இதுக்குப் போயா? யார் கட்டினா என்னங்க?"

"என் மொத கல்யாணத்துக்கு எங்க அப்பா ஒரு வயல அடமானம் வச்சாரு. கடைசிவரைக்கும் அத மீட்கல. பத்திரிகையில எங்க அப்பா பேரு, தாத்தா பேரு, மாமா பேரெல்லாம் போட்டு அதுக்குக் கீழதான் என் பேரு இருந்துச்சு. இந்த நோட்டீஸ நான்தான் குடுக்கிறேன். காசும் என்னுதா இருக்கட்டும்."

அவர் போனைச் சட்டைப்பைக்குள் திரும்பப் போட்டுக்கொண்டார். எனக்கு வந்த ஓடிபி எண்ணைக் கண்ணாடி இல்லாமல் படிக்க முடியவில்லை. அதை மட்டும் அவர் படித்துச் சொன்னார்.

நோட்டீஸில் "நிலை" என்று ஒரு கட்டம் இருந்தது. அவர் "திருமணமாகாதவர்" என்று எழுதினார். நான் "விதவை" என்று எழுதினேன். நிரந்தர முகவரிக் கட்டத்துக்கு வந்ததும் எழுத்தர் அம்மாள் நிறுத்தினார். என் ஆதாரில் இன்னும் குத்தாலம் பக்கத்து முகவரிதான் இருந்தது. "இந்த அட்ரஸ் போட்டா அந்த ஊர் ஆபீசுக்கும் ஒரு நகல் போவும்ங்க. அங்கயும் ஒட்டுவாங்க. வேணும்னா அட்ரஸ மாத்திட்டு அப்புறமா வாங்க," என்றார். கணக்கு சார் என்னைப் பார்த்தார். நான் கொஞ்சம் யோசித்தேன். "போகட்டும்ங்க," என்றேன்.

நாங்கள் எழுந்திருக்கும்போது எங்களுக்குப் பின்னால் காத்திருந்த இளம் ஜோடி முன்னால் வந்தது. அந்தப் பெண் துப்பட்டாவால் பாதி முகத்தை மூடியிருந்தாள். பையன் மெதுவாகக் கேட்டான்: "மேடம், நோட்டீஸ் வெளிய ஒட்டாம குடுக்க முடியுமா? எவ்வளவு பீஸ் ஆனாலும் பரவாயில்ல."

"பீஸ் கொஞ்சம்தான் தம்பி. ஆனா ஒட்டாம இருக்க முடியாது. அதுதான் சட்டம்."

"போட்டோவும் வருமா?"

"அட்ரஸ் வரும். யார் வேணா வந்து பார்க்கலாம்."

அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நாங்கள் கழற்றிய செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோதே, எங்களைத் தாண்டி வேகமாகப் படி இறங்கினார்கள். அந்தப் பெண் இறங்கும்போது பலகை இருக்கிற பக்கம் முகத்தைத் திருப்பவே இல்லை. எனக்கு எந்தக் காகிதம் கௌரவமாகத் தெரிந்ததோ, அதே காகிதம் அவளுக்கு வீட்டு ஆட்களைக் கூட்டி வருகிற ஓலையாகத் தெரிந்திருக்கிறது. கட்டணம் இருவருக்கும் ஒன்றுதான். நான் என் துணிச்சலை நினைத்துக் கொஞ்சம் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். அவர்கள் போனபின் அந்தப் பெருமை நிற்கவில்லை. என்னைத் தேடி யாரும் அரிவாளோடு வரப்போவதில்லை என்று தெரிந்ததால் வந்த துணிச்சல்தானே அது?

மகனிடம் முன்பே சொல்லியிருந்தேன். சொன்ன அன்று போனில், லைன் போய்விட்டதோ என்று இரண்டு தடவை "ஹலோ" சொன்னேன்.

"இருக்கேம்மா," என்றான். பிறகு, "ஹால்ல இருக்கற அப்பா போட்டோவ எடுத்துடுவியா?" என்று கேட்டான்.

"ஏன்டா எடுக்கணும்? அது அங்கதான் இருக்கும்."

"அவரு ஒண்ணும் சொல்ல மாட்டாரா?"

"போட்டோ கொஞ்சம் கோணலா இருக்கு, ஆணிய மாத்தணும்னு சொன்னாரு."

மகன் சிரித்தானா அழுதானா என்று எனக்குத் தெரியவில்லை. மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. "சரிம்மா, உனக்கு எது நல்லதுன்னு படுதோ செய்," என்றான். அது முழுச் சம்மதம் இல்லை என்று எனக்குத் தெரியும். அந்த நேரத்துக்கு அதுவே போதுமாக இருந்தது.

ஊருக்கு நகல் போய்ச் சேருவதற்குள் நானே நேரில் போய்ச் சொல்லிவிட வேண்டும் என்று அந்த ஞாயிற்றுக்கிழமையே கிளம்பினேன். கொழுந்தனார் வயலில் இருந்தார். சம்பா நடவு நடந்துகொண்டிருந்தது. மடையில் தேங்கிய குப்பையை மண்வெட்டியால் இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தவர், என்னைப் பார்த்ததும் தலைத்துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டார். என்னைவிட நாலைந்து வயது சின்னவர். நான் இந்த வீட்டுக்கு வந்தபோது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தார்.

"வாங்கண்ணி. ஒரு போன் பண்ணியிருந்தா பஸ்ஸ்டாண்டுக்கு வண்டி எடுத்துக்கிட்டு வந்திருப்பேன்ல."

வரப்பில் நின்றே சொல்லி முடித்தேன். யார், என்ன வேலை, எந்த ஊர், எந்தத் தெரு, நோட்டீஸ் எப்போது கொடுத்தோம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் மறுபடி மண்வெட்டியை எடுத்து, ஏற்கெனவே சுத்தமாக இருந்த மடையை இன்னும் கொஞ்சம் இழுத்தார். தண்ணீர் கலங்கிக்கொண்டு உள்ளே போயிற்று. "வீட்டுல போய்ச் சாப்பிட்டுப் போங்க," என்று மட்டும் சொன்னார். வீட்டில் அவர் மனைவி, என் ஓரகத்தி, சோறு போட்டாள். கிளம்பும்போது வழக்கமாகக் கொடுக்கிற முருங்கைக்கீரையைக் கட்டிக் கையில் கொடுத்தாள்.

அதற்கப்புறம் நோட்டீஸை யாரோ போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டார்கள். எங்கள் பிரிவு வரைக்கும் அது வந்து சேர்ந்தது. சிலர் கை குலுக்கினார்கள். சிலர் நான் வந்ததும் பேச்சை மாற்றினார்கள். பள்ளிக்கூடத்தில் கணக்கு சாருக்குப் பையன்கள் கரும்பலகையில் பெரிதாக வாழ்த்து எழுதிவைத்திருக்கிறார்கள். அவர் அதை அழிக்காமல் ஓரத்தில் மிச்சமிருந்த இடத்திலேயே பாடம் நடத்தியிருக்கிறார்.

முப்பது நாள் முடிகிற சமயத்தில் பதிவு அலுவலகத்திலிருந்து எனக்குப் போன் வந்தது. "உங்க கொழுந்தனார்னு ஒருத்தர் ஆட்சேபணை குடுக்க வந்திருக்காரு. முடிஞ்சா வந்துட்டுப் போங்க."

பர்மிஷன் சொல்லிவிட்டுப் போனேன். கணக்கு சாரிடம் சொல்லவில்லை. இது எங்கள் வீட்டு விஷயம் என்று பட்டது. நான் போனபோது கொழுந்தனார் வெள்ளை வேட்டி சட்டையில் பதிவாளரின் மேசைக்கு முன்னால் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து நின்றார். ஆட்சேபணை கொடுக்க வந்த இடத்திலும் அண்ணிக்கு எழுந்து நிற்கிற பழக்கம் போகவில்லை.

பதிவாளரும் பெண்தான். என் மகனைவிடக் கொஞ்சம் மூத்தவராக இருப்பார். மனுவைப் படித்து முடித்துவிட்டு நிதானமாகப் பேசினார்.

"ஐயா, குடும்ப கௌரவம்னு எழுதியிருக்கீங்க. சட்டத்துல அப்படி ஒரு காரணம் கிடையாது. நாலு காரணம்தான் எடுத்துக்க முடியும். ஒண்ணு, ரெண்டு பேர்ல யாருக்காவது ஏற்கெனவே கல்யாணம் ஆகி அந்தத் துணை உயிரோட இருக்கணும். இருக்காங்களா?"

"இல்லீங்க. எங்க அண்ணன் எறந்துட்டாரு."

"புத்தி சுவாதீனம் இல்லாதவங்களா?"

"ஐயையோ, அண்ணியவா? அதெல்லாம் இல்லீங்க."

"வயசு குறைவா இருந்தா ஆட்சேபிக்கலாம்."

அந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன்.

"ரெண்டு பேரும் கட்டிக்கக் கூடாத நெருங்கின சொந்தமா?"

"சொந்தமே இல்லீங்க. அதுதானே பிரச்சனை," என்றார்.

பதிவாளர் மனுவை மேசையில் வைத்தார். "ஆட்சேபணையப் பதிய தனிக் கட்டணம் இருக்கு. கட்டினீங்கன்னா பதிஞ்சு விசாரிப்பேன். ஆனா காரணம் இல்லாம ஆட்சேபிச்சதா முடிவானா, செலவுத்தொகைய உங்க தலையில போட வழி இருக்கு. யோசிச்சுச் சொல்லுங்க."

"அறிவிக்கவும் பணம், வேணாங்கறதுக்கும் பணமா?" என்றார் கொழுந்தனார் தனக்குத்தானே. பிறகு பதிவாளரைப் பார்த்து, "எங்கள ஒரு வார்த்தை கேக்கலீங்க. அவ்வளவுதாங்க," என்றார்.

"உங்ககிட்ட நேர்ல வந்து சொன்னதாத்தானே நீங்களே எழுதியிருக்கீங்க?"

"சொன்னாங்க. கேக்கல."

இருபது வருஷத்துக்கு மேலாக அந்தக் குடும்பத்தில் எல்லாவற்றையும் கேட்டுத்தான் செய்திருக்கிறேன். வேலைக்குப் போவதையும் கேட்டேன், மகனை எந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பது என்பதையும் கேட்டேன். இந்த ஒன்றை மட்டும் சொன்னேன். அந்த வித்தியாசம் அவருக்குச் சரியாகப் புரிந்திருந்தது. நோட்டீஸ் என்பதற்கு அதுதான் அர்த்தம் என்று எனக்கே அந்த அறையில்தான் விளங்கியது. அனுமதி கேட்கிற மனு இல்லை அது.

அவர் மனுவை எடுத்து மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "நான் வர்றேங்க," என்று எழுந்தார்.

காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. வெளியே கூப்பிட்டுப்போய் ஒரு மெஸ்ஸில் உட்காரவைத்தேன். சாம்பாரைப் பிசைந்துகொண்டே அவர் பேச ஆரம்பித்தார்.

"ஊர்ல என்னைய நிக்க விடலண்ணி. மாப்பிள்ளை எந்தத் தெருன்னு கேக்குறாங்க. தெரியாதுன்னுட்டேன்."

"உங்களுக்குத்தான் தெரியுமே. தெரியும்னு சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னா அடுத்த கேள்வி வரும். அதுக்கு நான் என்ன சொல்றது? நான் அங்கயே இருக்கணும். நீங்க தஞ்சாவூர்ல இருக்கீங்க."

அது உண்மை. என்னுடைய தைரியத்துக்கு அவர் அங்கே பதில் சொல்லிக்கொண்டிருந்தார். "நிலம் என் பேர்லதான் இருக்கும் தம்பி. எனக்கப்புறம் என் மகனுக்கு. குத்தகைய நீங்கதான் பார்க்கணும், அதுல மாத்தம் இல்ல," என்றேன்.

"நிலத்த நான் கேக்கவே இல்லியே."

"கேக்கல. ஆனா நெனச்சிருப்பீங்க."

அவர் சோற்றிலிருந்து நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "நெனச்சேன்," என்றார். "நெனக்காம இருக்க முடியுமாண்ணி? விதை விட்டவன் நான்." ரசம் வாங்கிக்கொண்டார். "ஆனா அதுக்காக வரல. கொஞ்சம் அதுக்காகவும்தான் வந்தேன்."

பஸ் ஏற்றிவிட்டேன். கல்யாணத்துக்கு வாங்க என்று நான் சொல்லவில்லை. சொன்னால் அவர் வராமல் இருப்பதற்கு ஒரு காரணம் தேட வேண்டியிருக்கும்.

கல்யாணத்தன்று நல்ல மழை. சாட்சிக்கு மூன்று பேர். அவருடைய கடைசித் தங்கை, என்னோடு வேலை பார்க்கிற ஒரு நர்ஸ், எங்கள் மாடியில் எதிர்ப்பக்கம் குடியிருக்கும் கூத்தாநல்லூர்க்காரம்மா. பதிவாளர் உறுதிமொழியை முதலில் என்னைச் சொல்லச் சொன்னார். "உங்களை என் கணவராக ஏற்கிறேன்" என்று வருகிற அந்தச் சின்ன வாக்கியத்தைப் பாதியில் விட்டுவிட்டேன். முதல் கல்யாணத்தில் நான் ஒரு வார்த்தைகூடச் சொன்னதில்லை. குனிந்து உட்கார்ந்திருந்தேன், மற்றவர்கள்தான் எல்லாம் சொன்னார்கள். வாயைத் திறந்து, சட்டத்துக்கு முன்னால், எனக்கு இவர் வேண்டும் என்று சொல்வது இத்தனை பெரிய வேலை என்று நான் நினைத்திருக்கவில்லை. பதிவாளர் அவசரப்படுத்தவில்லை. இரண்டாவது முறை தெளிவாகச் சொன்னேன். மகன் வீடியோவில் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்குப் பின்னால் அலுவலக ஆட்கள் நடந்துகொண்டிருந்தார்கள்.

தை அறுவடை முடிந்ததும் கொழுந்தனார் எப்போதும்போல் அரிசி மூட்டைகளோடு வேனில் வந்தார். முன்பெல்லாம் மாடி ஏறிச் சமையலறை வரைக்கும் கொண்டுவந்து வைப்பார். இந்தத் தடவை கேட்டுக்குப் பக்கத்திலேயே இறக்கிவிட்டு எனக்குப் போன் செய்தார். நான் இறங்குவதற்குள் என் கணவர் கீழே இறங்கிவிட்டார். மேலேயிருந்து பார்த்தேன். இருவரும் மூட்டையின் இரண்டு பக்கத்திலும் நின்று ஏதோ பேசினார்கள். கொழுந்தனார் மேலே வரவில்லை. தண்ணீர் மட்டும் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார்.

"என்ன பேசினீங்க?" என்று கேட்டேன்.

"பயிர்க் காப்பீட்டுப் பணம் வந்துச்சான்னு கேட்டேன். பாதிதான் வந்துச்சுன்னாரு. அந்தப் பாதிய எப்படிக் கணக்குப் போட்டாங்கன்னு ரெண்டு பேருக்கும் புரியல."

அடுத்த வருஷமும் அப்படித்தான் வந்தார். அப்போதும் மாடி ஏறவில்லை. ஆனால் அந்தத் தடவை என் கணவருக்குத்தான் போன் செய்தார்.

போன மாதம் மத்தியான நேரத்தில் ஓரகத்தி கூப்பிட்டாள். அவள் எனக்குத் தானாகப் போன் செய்வது அபூர்வம். மாடு கன்று போட்டதைச் சொன்னாள். மழை இல்லாததைச் சொன்னாள். கோயம்புத்தூரில் வேலை பார்க்கிற மகள் இளைத்துவிட்டாள், போனில் சரியாகப் பேசுவதில்லை என்றாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்:

"அக்கா, அந்த நோட்டீஸு குடுத்தீங்களே, அதுக்கு எவ்வளவு ஆச்சு?"

சொன்னேன்.

"அவ்வளவுதானா?" என்றாள். "நான் பெரிசா ஏதோ ஆவும்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன்."

யாருக்காகக் கேட்கிறாய் என்று என் வாய் வரைக்கும் வந்தது. கேட்கவில்லை. "பையன் பொண்ணு யாராவது ஒருத்தர் அந்த ஊர்ல முப்பது நாளாவது குடியிருக்கணும். கோயம்புத்தூர்லயும் குடுக்கலாம். ஆனா ஆதார்ல ஊர் அட்ரஸ் இருந்துச்சுன்னா ஊர் ஆபீசுக்கும் ஒரு நகல் வந்துடும். அத மட்டும் மொதல்லயே பார்த்துக்கணும்," என்றேன்.

அவள் "ம்" கொட்டிக் கேட்டுக்கொண்டாள். பின்னாலிருந்து கொழுந்தனாரின் குரல் கேட்டது. யாரோடு பேசுகிறாய் என்று கேட்கிறார். "அக்காதான். சும்மாதான் பேசுறாங்க," என்று அவருக்குச் சொல்லிவிட்டு, என்னிடம், "முருங்கை இந்த வருஷம் நல்லா காய்ச்சிருக்கு. பஸ்ல குடுத்தனுப்பவா?" என்றாள்.

அனுப்பு என்றேன். அதற்கப்புறம் அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை.